விமானங்களை எண்ணியவர்

போர் விமானம்னாலே ஓட்டுனவங்களைப் பத்தித்தான் எழுதுவாங்க. இவர் ஆபீசில் உட்கார்ந்து விமானங்களை எண்ணிக்கொண்டிருந்தவர்.

ஹியூ டௌடிங் 1882 ஏப்ரல் 24 அன்று ஸ்காட்லாந்தில் மொஃபாட் என்ற ஊரில் பிறந்தார். அப்பா பள்ளிக்கூடம் நடத்தியவர். பீரங்கிப் படையில் சேர்ந்து, இலங்கையில்கூட வேலை பார்த்திருக்கிறார். 1913-ல் விமானம் ஓட்டக் கற்றார். 1920-ல் மனைவி இறந்துவிட்டார். மகன் டெரிக் அப்போ சின்னக் குழந்தை. டௌடிங் அதிகம் பேச மாட்டார். கூட இருந்தவங்க வெச்ச பட்டப்பெயர், நம்ம ஊர்ல உம்மணாமூஞ்சினு சொல்ற மாதிரி!

1936-ல் பிரிட்டனின் போர் விமானப் பிரிவுக்குத் தலைவரானார். ஸ்பிட்ஃபயர் விமானம் வேகமானது, ஆனா செய்ய நாளாகும். ஹரிகேன் கொஞ்சம் மெதுவு. பின்பகுதி துணி போர்த்தியது, சீக்கிரம் செய்யலாம், ஓட்டை விழுந்தா ஒட்டுப் போடலாம். நல்லதுதான் வேணும்னு ஸ்பிட்ஃபயரை மட்டும் நம்பியிருந்தா 1940-ல் கையில் பாதிகூட இருந்திருக்காது.

அந்த வருஷம் மே மாதம் ஜெர்மனி பிரான்சுக்குள் புகுந்தது. பிரான்ஸ் விமானம் கேட்டுக்கிட்டே இருந்தது. நட்பு நாடு, எப்படி இல்லைன்னு சொல்றது? டௌடிங் சொன்னார். மே 16 அன்று அரசுக்குக் கடிதம் எழுதினார். நாட்டைக் காக்க 52 ஸ்குவாட்ரன் வேண்டும், மிச்சம் இருப்பதோ 36, இன்னும் அனுப்பினால் பிரிட்டனும் சேர்ந்து தோற்கும் என்பது அதன் சாரம். சில நாளில் அனுப்புவது நின்றது. ஜூனில் பிரான்ஸ் விழுந்தது. கல்நெஞ்சம்னு சிலர் சொல்லலாம், எனக்கு அப்படித் தோணலை.

ஜூலையில் பிரிட்டன் மேலேயே சண்டை. எதிரி வருவதை ரேடார் முன்னாடியே காட்டியதால், சும்மா வானத்தில் சுத்தாமல் தேவையான அளவு மட்டும் கிளப்பினார். தொழிற்சாலையிலிருந்து விமானம் வந்துகொண்டே இருந்தது, ஓட்டத்தான் பழகிய ஆள் குறைந்துபோனது. 500-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டெரிக்கும் பைலட்டாகப் பறந்தார், பிழைத்தார். பைலட்டுக்கு முன்னால் குண்டு துளைக்காத கண்ணாடி வேண்டும் என்று இவர் கேட்டபோது அதிகாரிகள் சிரித்தார்களாம். சிகாகோ ரவுடிகளின் காரிலேயே அது இருப்பதைச் சொல்லி வாதாடி வாங்கிவிட்டார். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

ஜெயித்த பிறகு 1940 நவம்பரில் அவரைப் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள்! கூட்டம் கூட்டமா விமானம் அனுப்பியிருக்கணும்னு வாதாடியவர்களின் கை ஓங்கியிருந்தது. 1970 பிப்ரவரி 15-ல் இறந்தார். அவருடைய அஸ்தி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இருக்கிறது.

– 9-ஆம் வகுப்பு மாணவி