பெயர் சூட்டியவர் பெயரை இழந்த கதை

உழைப்பின் பயன் யாரைச் சேர வேண்டும் என்பது பொருளாதாரத்தின் பழைய கேள்வி. ஆலைத் தொழிலாளியையும் நிலத்தில் பாடுபடும் கூலியாளையும் முன்னிறுத்தியே அதை நாம் விவாதித்து வருகிறோம். பல ஆண்டுகள் கல்லூரியில் இந்தப் பாடத்தைக் கற்பித்த எனக்கு, அதே கேள்வியை ஆலைக்கு வெளியே கூர்மையாக எழுப்புவதாகத் தோன்றும் வாழ்க்கை, அமெரிக்கப் பாடகி ஃபுளோரன்ஸ் பல்லார்டினுடையது.

1943-இல் டெட்ராய்ட் நகரில் பிறந்தவர் ஃபுளோரன்ஸ். கார் தொழிற்சாலைகளை நம்பி வாழ்ந்த அந்த நகரில், கறுப்பின ஏழைகளுக்கென அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில், பெரிய குடும்பமொன்றில் வளர்ந்தார். தேவாலயப் பாடலின் உருக்கமும் உழைக்கும் மக்களின் துயர இசையும் கலந்து உருவானது 'சோல்' இசை. அதற்கேற்ற கனத்த, வலிமையான குரல் அவருக்கு இயல்பாக வாய்த்திருந்தது.

1959-இல் 'பிரைமெட்ஸ்' என்ற பெண்கள் குழு உருவானபோது முதலில் சேர்க்கப்பட்டவர் அவர்தான். பின்னர் மேரி வில்சனும் டயானா ராஸும் வந்து சேர்ந்தனர். 1961 ஜனவரியில் 'மோட்டவுன்' இசை நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்தது. அப்போது ஃபுளோரன்ஸுக்கு வயது 17; மற்ற இருவருக்கும் 16. குழுவுக்குப் புதிய பெயர் வேண்டும் என்று நிறுவனம் கேட்டது. அளிக்கப்பட்ட பட்டியலிலிருந்து 'சுப்ரீம்ஸ்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தவர் ஃபுளோரன்ஸ். அதே ஆண்டு வெளிவந்த 'பட்டர்டு பாப்கார்ன்' பாடலில் முதன்மைக் குரலும் அவருடையதே.

மோட்டவுன் நிறுவனர் பெர்ரி கோர்டி, கார் தொழிற்சாலையில் பணிபுரிந்தவர். உதிரி பாகங்கள் வரிசையாகச் சேர்ந்து முழு வாகனமாவதைப்போலப் பாடல்களையும் உருவாக்க முடியும் என்று நம்பினார். குடும்பத்திடம் 800 டாலர் கடன் பெற்று நிறுவனத்தைத் தொடங்கினார். பாடல் எழுதுவோர், இசைக்கலைஞர்கள், நடன ஆசிரியர், நடை உடை பாவனை கற்பிப்பவர் என அனைவரும் அவர் குடையின்கீழ் இருந்தனர். இனப்பாகுபாடு மிகுந்த நாட்டில் கறுப்பினத்தவர் ஒருவர் எழுப்பிய அந்த நிறுவனத்தின் சாதனையைக் குறைத்து மதிப்பிட இயலாது.

ஆனால், அந்த அமைப்பில் ஓர் அடிப்படைக் குறை இருந்தது. இசைத்தட்டை வெளியிடுவது, பாடல் உரிமையை வைத்திருப்பது, கலைஞரின் மேலாளராகச் செயல்படுவது ஆகிய மூன்றையும் ஒரே தரப்பு செய்தது. கலைஞரின் சார்பில் பேரம் பேச வேண்டிய மேலாளரும், அவருக்குப் பணம் தர வேண்டிய முதலாளியும் ஒருவரே என்றால் அங்கே பேரம் எப்படி நடக்கும்? ஒலிப்பதிவுச் செலவும் பாடுவோரின் உரிமத்தொகையிலிருந்தே கழிக்கப்பட்டது.

1963-இல் டயானா ராஸை முதன்மைப் பாடகியாக கோர்டி அறிவித்தார். வணிக நோக்கில் அது தவறான கணிப்பன்று. 1964-இல் 'வேர் டிட் அவர் லவ் கோ' அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. குழு மொத்தம் 12 முறை அந்த இடத்தை எட்டியது. அவற்றில் 10 பாடல்கள் ஃபுளோரன்ஸ் குழுவில் இருந்த காலத்தவை. எனினும், தான் முதலில் நின்ற குழுவில் பின்னணிக் குரலாகிப்போனது அவரை வாட்டியது. மனச்சோர்வும் மதுப்பழக்கமும் சேர்ந்துகொண்டன. சில நிகழ்ச்சிகளுக்கு அவர் வரத் தவறினார். 1967-இல் அவருக்குப் பதிலாக சிண்டி பேர்ட்சாங் மேடையேற்றப்பட்டார்.

1968-இல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி ஃபுளோரன்ஸுக்குக் கிடைத்தது சுமார் 1,40,000 டாலர். எதிர்கால உரிமத்தொகையை அவர் கைவிட வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. தன்னை விளம்பரப்படுத்தும்போது சுப்ரீம்ஸ் குழுவில் இருந்ததாகக் குறிப்பிடக் கூடாது என்பது மற்றொன்று. என்னை உறுத்துவது இந்த இரண்டாவது நிபந்தனைதான். உழைப்பாளி சேர்த்துவைக்கும் முதன்மையான மூலதனம் அவருடைய அனுபவமே. கொத்தனார் தான் கட்டிய வீட்டைக் காட்டி அடுத்த வேலை கேட்பார். தான் தேர்ந்தெடுத்த பெயரையே சொல்ல முடியாத நிலையில் ஃபுளோரன்ஸ் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. வேறொரு நிறுவனம் வெளியிட்ட அவருடைய இரண்டு இசைத்தட்டுகளும் விலைபோகவில்லை. பதிவான தொகுப்பு வெளியிடப்படாமலேயே கிடப்பில் போடப்பட்டது.

1971-இல் 87 லட்சம் டாலர் கோரி மோட்டவுன்மீது தொடுத்த வழக்கு தள்ளுபடியானது. அவர் இட்ட கையெழுத்தே அவருக்குக் குறுக்கே நின்றது. வீடு கடனில் மூழ்கியது. மூன்று மகள்களின் தாயான அவர், ஏழைக் குடும்பங்களுக்கான அரசு உதவித்தொகையை நாடினார். 1975-இல் டெட்ராய்டில் நடந்த நிதிதிரட்டும் நிகழ்ச்சியொன்றில் மீண்டும் பாடியபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. மறுவாழ்வின் தொடக்கமாகத் தோன்றிய அது நிலைக்கவில்லை. 1976 பிப்ரவரி 22-ஆம் நாள், இதயத் தமனியில் ஏற்பட்ட இரத்த உறைவால், 32 வயதில் அவர் காலமானார்.

1988-இல் ராக் இசைக்கான புகழ்க்கூடத்தில் சுப்ரீம்ஸ் குழு சேர்க்கப்பட்டபோது ஃபுளோரன்ஸின் பெயரும் இடம்பெற்றது. உயிரோடிருந்தபோது அவர் சொல்லக் கூடாதென்று தடுக்கப்பட்ட பெயர், இறந்த பின் அவருக்குச் சிறப்பாக வழங்கப்பட்டது.

அவருடைய வீழ்ச்சிக்கு ஒரே ஒருவரைக் குற்றவாளியாக்குவது எளிது. ஆனால், அதில் பயனில்லை. ஒப்பந்தம் என்பது இரு தரப்பின் விருப்பத்தால் அமைவது என்று பாடநூல்கள் கூறுகின்றன. ஒரு தரப்புக்குப் பதினேழு வயது, மறுதரப்புக்கோ முழு நிறுவனத்தின் பலம் என்ற நிலையில் அந்த விருப்பத்தின் மதிப்பு என்ன? இளங்கலைஞர்கள் கையெழுத்திடும் முன் தமக்கென ஒரு தனி வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் வாய்ப்பைச் சட்டம் உறுதிசெய்ய வேண்டும். செய்த வேலையைத் தன் வேலை என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை எந்த ஒப்பந்தமும் விலைக்கு வாங்க இயலாதவாறு காக்க வேண்டும். ஃபுளோரன்ஸுக்கு மறுக்கப்பட்ட நியாயம் அதுவே.