டெக்கும்சே (கி.பி. 1768 – 1813)

வட அமெரிக்காவின் ஒஹாயோ பள்ளத்தாக்கில் வாழ்ந்த சுதேச இனங்களுள் ஷானி இனமும் ஒன்று. அவ்வினத்தில் 1768 அளவில் பிறந்தவர் டெக்கும்சே. 1774இல் குடியேற்றக்காரருடன் நடந்த போரில் தந்தை இறந்தார். வேட்டையும் போரும் பழக்கி அவரை வளர்த்த மூத்த சகோதரர் சீசீக்காவும் 1792இல் போரிலேயே மடிந்தார்.

1795இல் கைச்சாத்தான கிரீன்வில் உடன்படிக்கை மூலம் ஒஹாயோவின் பெரும்பகுதி ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்றது. ஷானிகளின் முதுபெரும் தலைவர் பிளாக் ஹூப் அதில் ஒப்பமிட்டார். இவர் கோழையல்லர், பல போர்களைக் கண்டவர். இனியும் போரிட்டால் இனமே அழியும், ஏர் பிடித்து எஞ்சிய நிலத்தையேனும் காப்போம் என்பது அவர் நிலைப்பாடு. டெக்கும்சே அம்மாநாட்டுக்கே செல்லவில்லை. நிலம் சுதேச இனங்கள் அனைத்துக்கும் பொதுவானது, தனியோர் இனம் அதனை விற்க உரிமையற்றது என அவர் வாதிட்டார். ஒஹாயோ ஷானிகளில் பெரும்பாலோர் மூத்தவர் பக்கமே நின்றனர். 2006இல் ஊரிழந்து, 2015இலேயே மீளக்குடியேறத் தொடங்கிய சம்பூர் மக்களுக்குக் காணி வெறும் விலைப்பொருளன்று என விளக்க வேண்டியதில்லை.

1809இல் தேசாதிபதி ஹரிசன், வேறு சில இனத் தலைவர்களிடம் கோட்டை வேய்ன் உடன்படிக்கை மூலம் ஏறக்குறைய 30 இலட்சம் ஏக்கரை வாங்கினார். விலை ஏக்கருக்குச் சுமார் 2 சதம்! (1840களின் தொடக்கத்தில் இலங்கையின் முடிக்குரிய காணிகள் ஏக்கர் 5 சிலிங் வீதம் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்கப்பட்டமையை இதனோடு ஒப்பிடுக.) 1810 ஓகஸ்டில் டெக்கும்சே தம் வீரர்களுடன் வின்சென்ஸ் நகருக்குச் சென்று, அவ்விற்பனையை இரத்துச் செய்யும்படி கோரினார். ஒவ்வோர் இனமும் தன் நிலத்தைத் தானே விற்கலாம் எனக் கூறி ஹரிசன் மறுத்தார். வாதம் முற்றி இரு தரப்பினரும் ஆயுதம் ஏந்தினர். எனினும் இரத்தம் சிந்தப்படவில்லை.

பின்னர் இனங்களை ஒன்றிணைக்க டெக்கும்சே தெற்கே பயணமானார். அவர் இல்லாத வேளையில், 1811 நவம்பரில், திப்பக்கனூ போரின்பின் ஹரிசனின் படை அவரது ஊரை எரித்தது. 1812இல் மூண்ட போரில் பிரித்தானியருடன் சேர்ந்து போரிட்ட அவர், 1813 ஒக்டோபர் 5இல் கனடாவின் தேம்ஸ் நதியருகே வீழ்ந்தார். அவர் கனவு கண்ட கூட்டமைப்பும் சிதைந்தது.

பிளாக் ஹூப் தம் மக்களுடன் வாப்பக்கொனேற்றாவில் அமைதியாகக் கமம் செய்து வந்தார். 1831இல் அவர் இறந்தார். அதே ஆண்டில் அந்நிலத்தையும் கையளிக்கும் உடன்படிக்கை அம்மக்கள்மீது திணிக்கப்பட்டது. 1832இல் அவர்கள் மேற்கே, இன்றைய கன்சாஸ் பகுதிக்கு அனுப்பப்பட்டனர்.