ஒரே குற்றம், இரண்டு தண்டனை: இரட்டைமலை சீனிவாசனும் சட்டத்தின் முன் சமத்துவமும்

செப்டம்பர் 18 இரட்டைமலை சீனிவாசன் நினைவு நாள். ஒவ்வோர் ஆண்டும் ஓட்டேரியில் உள்ள அவரது நினைவிடத்தில் மாலைகள் குவிகின்றன. ராவ் பகதூர், திவான் பகதூர், வட்டமேசை மாநாட்டுப் பிரதிநிதி என்ற அடைமொழிகளுடன் அவரை நினைவுகூர்கிறோம். ஆனால், சட்டத்தின் மொழியில் அவர் கேட்ட ஒன்று அந்த அடைமொழிகளுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. ஒத்த நிலையில் உள்ளவர்களை ஒத்த முறையில் நடத்த வேண்டும் என்பது இன்று நீதிமன்றங்களில் அன்றாடம் எழுப்பப்படும் வாதம். அந்த வாதம் சட்டமாவதற்கு முன்பே அதற்காகப் போராடியவர் அவர்.

அவர் 1859ஆம் ஆண்டு ஜூலை 7 அன்று மதுராந்தகம் அருகிலுள்ள கோழியாளம் கிராமத்தில் பிறந்தார். அது அன்றைய செங்கல்பட்டு மாவட்டம். இன்று தொழிற்பேட்டைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் நிறைந்திருக்கும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளும் அதே மாவட்டத்தின் ஏரிப்பாசனக் கிராமங்களாகவே இருந்தன. அம்மாவட்டத்தில் மிராசு உரிமை வேரூன்றியிருந்தது. ஊரின் தரிசு நிலத்தைக் கேட்டுச் சேரியைச் சேர்ந்த ஒருவர் விண்ணப்பித்தால், மிராசுதாரர் குறுக்கிட்டு முன்னுரிமை கோரலாம். ஒரே நிலம், இரண்டு விண்ணப்பங்கள். ஆனால் விண்ணப்பதாரரின் பிறப்பே முடிவைத் தீர்மானித்தது. இந்த நிலையைத்தான் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் தமது அறிக்கையில் விரிவாகப் பதிவு செய்தார். 1892இல் பஞ்சமி நிலங்களுக்கான அரசாணை அதன் தொடர்ச்சியாகவே பிறந்தது.

நிலத்தில் இருந்த வேறுபாடு தண்டனையிலும் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் கிராமத் தலைவர்களுக்குச் சிறு குற்றங்களை விசாரிக்கும் அதிகாரம் அளித்தது. வசைபாடுதல், சிறு கைகலப்பு போன்றவற்றில் ஈடுபட்டவரை ஊர்ச் சாவடியில் 12 மணி நேரம் வரை அடைத்து வைக்கலாம். அதே குற்றத்தைக் கீழ்ச்சாதி எனக் கருதப்பட்டவர் செய்தால், 6 மணி நேரம் வரை தொழுமரத்தில் மாட்டி வைக்கலாம். இழிவுபடுத்தும் தண்டனை யாருக்குப் பொருந்தும் என்பதைச் சாதியைக் கொண்டு சட்டமே வகுத்திருந்தது. இது ஊர் வழக்கம் அன்று, அரசு எழுதிய சட்டம். சீனிவாசன் பிறந்தபோது அதற்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது.

சீனிவாசனின் கல்வி கோவையில் நடந்தது. பள்ளியில் பெரும்பான்மையோர் பிராமண மாணவர்கள். தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி, சக மாணவர்களோடு பழகாமல் ஒதுங்கி நடந்ததைப் பிற்காலத்தில் தமது வாழ்க்கைச் சுருக்கத்தில் அவரே எழுதியிருக்கிறார். பின்னர் நீலகிரியில் ஐரோப்பியரின் வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றி, 1890இல் சென்னைக்கு வந்தார். அவருடைய சகோதரியை மணந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். இருவரும் தேர்ந்த பாதைகள் வேறு. பண்டிதர் வரலாற்றையும் சமயத்தையும் மறுவாசிப்புச் செய்தார். சீனிவாசன் மனு, தீர்மானம், சட்டம் என்ற பாதையில் நடந்தார்.

1891இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். 1893 அக்டோபரில் பறையன் என்ற இதழைத் தொடங்கினார். இழிவாகப் பயன்படுத்தப்பட்ட பெயரையே இதழின் தலைப்பாக வைத்தது, மறைந்து வாழ்ந்த மாணவப் பருவத்துக்கு அவர் எழுதிய மறுமொழி எனலாம். அதே ஆண்டு டிசம்பரில் சென்னையில் கூட்டம் கூட்டி, இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இங்கிலாந்தோடு இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்ற காங்கிரசின் கோரிக்கையை எதிர்த்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. இதைக் கொண்டு அவரை ஆங்கிலேயர் சார்பாளர் என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஆனால் மனுவின் பின்னிருந்த அச்சம் தெளிவானது. கல்வி ஒரு சில சாதிகளிடம் மட்டுமே இருக்கும் நாட்டில் அத்தேர்வின் வழியாக ஆட்சியர்களாகவும் நீதிபதிகளாகவும் வரப்போவோர் யார்? அவர்களிடம் வழக்காடப் போகும் சேரி மக்களின் நிலை என்ன? சட்டம் சமமாக எழுதப்பட்டாலும், அதைச் செலுத்தும் கைகள் ஒரே இடத்திலிருந்து வந்தால் தீர்ப்பு சமமாக இருக்காது என்பதை அவர் கண்டிருந்தார்.

அவரே நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தது. 1896இல், பறையன் இதழில் வெளியான ஒரு வாசகர் கடிதத்துக்காக ஆசிரியர் என்ற முறையில் அவர் மீது வழக்குத் தொடரப்பட்டு, 100 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. சேரிகளில் சிறு காசுகளாகச் சந்தா சேர்த்து நடத்தப்பட்ட ஓர் இதழுக்கு அது பெருந்தொகை. இதழ் 1900 வரை தொடர்ந்தது.

பின்னர் அவர் கடல் கடந்து தென்னாப்பிரிக்கா சென்று, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். காந்தியோடு அறிமுகமானதும், அவருக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்றுத்தந்ததும் அங்கேதான். நேட்டாலில் ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியத் தொழிலாளர்கள் தொடர்ந்து தங்க வேண்டுமானால் ஆண்டுக்கு 3 பவுண்டு தலைவரி கட்ட வேண்டியிருந்தது. வெள்ளையர்களுக்கு அந்த வரி இல்லை. 1914இல்தான் அது நீக்கப்பட்டது. ஊரில் சாதியின் பெயரால் இருந்த இரட்டைச் சட்டம், அங்கே இனத்தின் பெயரால் இருந்தது. இந்தியர் அனைவரும் அங்கே அந்த இழிவுக்கு எதிராக ஒன்றுசேர்ந்தனர். ஊர் திரும்பினால் அவர்களில் பலரது தெருக்களில் சீனிவாசன் நடக்க முடியாது.

1920களின் தொடக்கத்தில் நாடு திரும்பிய அவர், சென்னைச் சட்டமன்ற மேலவைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1924 ஆகஸ்டில் அவர் கொண்டுவந்த தீர்மானம் அவரது பொதுவாழ்வின் உச்சம். எந்தச் சாதியைச் சேர்ந்தவரும் எந்த ஊரிலும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கத் தடையில்லை. பொது அலுவலகங்கள், கிணறுகள், குளங்கள், மக்கள் கூடும் பொது இடங்கள் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் பயன்படுத்தும் அதே முறையிலும் அதே அளவிலும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி அரசாணையாயிற்று. அதே முறை, அதே அளவு என்ற இரண்டு சொற்களே அதன் உயிர். அவர் சலுகை கேட்கவில்லை. ஏற்கெனவே ஒருவருக்கு இருக்கும் உரிமையை அளவுகோலாக வைத்து, மற்றவருக்கும் அதையே கேட்டார்.

ஆனால் அத்தீர்மானத்தில் தண்டனைப் பிரிவு இல்லை. தடுப்பவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது. அந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியை 1930இல் லண்டனில் காண்கிறோம். முதல் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் சீனிவாசனும் இணைந்து, ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கான அரசியல் பாதுகாப்புத் திட்டத்தை அளித்தனர். சமக் குடியுரிமை அதன் முதல் நிபந்தனை. தீண்டாமையைக் காரணம் காட்டி எந்தச் சட்டமும் வழக்கமும் ஒருவருக்குத் தண்டனையோ குறைபாடோ விதிக்கக் கூடாது என்று அது கோரியது. அமெரிக்க அரசமைப்பின் 14ஆம் திருத்தம் அதற்கு முன்மாதிரிகளில் ஒன்று. அடுத்த நிபந்தனை, உரிமையைத் தடுப்பதையும் சமூகப் புறக்கணிப்புச் செய்வதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கக் கேட்டது. பர்மாவில் 1922இல் இயற்றப்பட்ட புறக்கணிப்புத் தடைச் சட்டம் அதற்கு எடுத்துக்காட்டாக அமைந்தது. 1924இல் எழுதப்படாமல் போன தண்டனைப் பிரிவு இப்போது எழுத்தில் வந்தது.

அதே திட்டத்தில் சட்டமன்றங்களிலும் அரசுப் பணிகளிலும் போதிய பிரதிநிதித்துவமும் கேட்கப்பட்டது. சமத்துவம் கேட்பவர்கள் தனி ஏற்பாடு கேட்பது முரண் அல்லவா என்று அன்றும் கேட்டார்கள், இன்றும் கல்லூரி விவாதங்களில் கேட்கிறார்கள். முரண் இல்லை. ஒத்தவர்களை ஒத்தபடி நடத்துவது எவ்வளவு நீதியோ, ஒவ்வாத நிலையில் தள்ளப்பட்டவர்களை ஒத்தவர்கள் போல நடத்துவது அவ்வளவு அநீதி. சாலை எல்லோருக்கும் ஒன்று. அதற்கு ஒரே விதி போதும். அதிகாரத்தில் பல தலைமுறை விலக்கி வைக்கப்பட்டவருக்கு அதே விதி போதாது. 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர்களில் சீனிவாசனும் ஒருவர். தனித்தொகுதி கைநழுவிய அந்த உடன்பாட்டை எப்படி மதிப்பிடுவது என்பது இன்றும் தீராத விவாதம்.

1938இல் எம்.சி.ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாணக் குடிமைக் குறைபாடுகள் நீக்கச் சட்டம் வந்தது. 1939இல் சீனிவாசன் தமது வாழ்க்கைச் சுருக்கத்தை வெளியிட்டார். 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 18 அன்று மறைந்தார். ஐந்தாண்டுக்குள் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 14ஆம் கூறு சமத்துவத்தையும், 15ஆம் கூறு கிணறு, குளம், சாலை ஆகியவற்றில் பாகுபாட்டுத் தடையையும், 17ஆம் கூறு தீண்டாமை ஒழிப்பையும் தந்தன. 1924 தீர்மானத்தையும் 1930 திட்டத்தையும் அருகில் வைத்துப் படிப்போருக்கு இக்கூறுகளின் வேர் விளங்கும். ஆனால் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பை வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வெளிப்படையாகக் குற்றப் பட்டியலில் சேர்த்தது 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். லண்டனில் கேட்டதற்கும் இதற்கும் இடையில் 85 ஆண்டுகள்.

நீதிமன்றங்கள் அக்கோட்பாட்டைப் படிப்படியாக வளர்த்தன. 1952இல் அன்வர் அலி சர்க்கார் வழக்கில், எந்த வழக்கைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அனுப்புவது என்பதை அரசு தன் விருப்பப்படி தேர்ந்தெடுக்க இடம்தந்த மேற்கு வங்கச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. வேறுபடுத்தினால் அதற்குப் புரியத்தக்க அடிப்படையும், சட்டத்தின் நோக்கத்தோடு தொடர்பும் வேண்டும் என்பது நிலைபெற்றது. 1975இல் என்.எம்.தாமஸ் வழக்கில், பிற்படுத்தப்பட்டோருக்கான சிறப்பு ஏற்பாடு சமத்துவத்துக்கு விதிவிலக்கு அன்று, அதன் ஒரு கூறே என்ற கருத்து வலுப்பெற்றது. சீனிவாசனின் இரு கோரிக்கைகளும் அவ்வாறு ஒரே கோட்பாட்டில் இணைந்தன.

அக்கோட்பாடு எப்படி இயங்குகிறது என்பதற்குப் பூந்தமல்லியிலேயே சான்று இருக்கிறது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் அங்குள்ள தடா சிறப்பு நீதிமன்றம் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொருவரின் பங்கையும் தனித்தனியே பார்த்து, 19 பேரை விடுவித்தது. எஞ்சிய எழுவரில் பேரறிவாளன் 2022 மே 18 அன்று விடுதலையானார். அவருக்குப் பொருந்திய காரணங்கள் மற்றவர்களுக்கும் பொருந்தும் என்று அதே ஆண்டு நவம்பர் 11 அன்று மீதி ஆறு பேரும் விடுவிக்கப்பட்டனர். வேறானவர்களை ஒன்றாகப் பார்த்த தவறு முதலில் திருத்தப்பட்டது. ஒத்தவர்களை ஒத்தபடி நடத்துவது பிறகு நிகழ்ந்தது.

அந்த எழுவரை விடுவிக்கத் தமிழ்நாடு அமைச்சரவை 2018 செப்டம்பரிலேயே பரிந்துரைத்திருந்தது. அப்பரிந்துரை ஆளுநரிடம் காத்திருந்த காலத்தில்தான், 1997ஆம் ஆண்டு மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் உள்ளிட்ட ஆறு பேரைக் கொன்ற வழக்கின் ஆயுள் கைதிகள் 13 பேர் 2019 நவம்பரில் முன்விடுதலை பெற்றனர். இரு வழக்குகளும் எல்லா வகையிலும் ஒன்றல்ல. ஆனால் வேறுபாட்டுக்குக் காரணம் சொல்லும் கடமை அரசுக்கு உண்டு. அதற்கும் முன்பு, கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட வழக்கில் 1973இல் உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தபோது, வசதி படைத்தவர்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் எனக் கருதியது. குற்றம் சாட்டப்பட்டவரின் தகுதியே சாட்சியத்தின் எடையைக் குறைத்தது. தொழுமரம் போன பிறகும் அதன் நிழல் மிச்சமிருந்தது.

அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் வழக்காடும் இளம் வழக்கறிஞர்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் இந்த நினைவு நாளில் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. வன்கொடுமை வழக்குகளில் பிணை, விசாரணைக் காலம், தண்டனை, இழப்பீடு ஆகியவற்றில் வந்த ஆணைகளைத் திரட்டி, அதே பகுதியின் பிற வழக்குகளோடு ஒப்பிட்டுப் பட்டியலிட வேண்டும். பிணை மனுவிலும் தண்டனை குறித்த வாதத்திலும் தமது தரப்பை எடுத்துரைக்கும் உரிமையைப் பாதிக்கப்பட்டவர்களுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15அ பிரிவு தருகிறது. அந்தப் பட்டியலோடு எழுந்து நின்றால், வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்று நீதிமன்றத்தில் கேட்க முடியும். 1924இல் மேலவையில் சீனிவாசன் கேட்டதும் அதே முறையையும் அதே அளவையும்தான்.