சிறுமலர் தெரேசம்மையார்

அருஞ்செயல் ஆற்றியோரையே பெரியோர் என்று உலகம் போற்றும். ஆயின், பிறர் கண்ணிற்படாத சிறு செயல்களாலேயே பெருமை எய்தினோரும் உளர். அவருள் ஒருவர் பிரெஞ்சு நாட்டுத் தெரேசம்மையார்.

இவர் 1873ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 2ஆம் நாள் அலன்சோன் நகரிற் பிறந்தார். தந்தையார் கடிகாரத் தொழிலினர். தாயார் பூப்பின்னலில் வல்லவர். நான்கு வயதில் தாயை இழந்த தெரேசா, சிறு சொல்லுக்கும் கண்ணீர் உகுக்கும் இயல்பினராய் வளர்ந்தார். அத்தகையவர் தம் பதினைந்தாம் வயதில், 1888ஆம் ஆண்டு, லிசியே நகரத்துக் கார்மேல் கன்னியர் மடத்திற் புகுந்தார்.

அம்மடத்தில் முடக்கு நோயால் நலிந்த முதிய கன்னியர் ஒருவர் இருந்தார். மாலைதோறும் அவரை உணவுக்கூடத்திற்கு நடத்திச் செல்லுதல் வேண்டும். விரைந்து நடந்தால் விழச் செய்வதாகக் கடிவார்; மெல்ல நடந்தால் கைவிட்டதாக வருந்துவார். அவரை மகிழ்வித்தல் அரிது என அறிந்தும், அப்பணியைத் தெரேசம்மையார் தாமே விரும்பி ஏற்றார். அப்பத்தைத் துண்டாக்க அவர் இடர்ப்படுதலைக் கண்டு, கேளாமலே அதனையும் செய்து கொடுத்துப் புன்முறுவலோடு விடைபெறுவார்.

மற்றொரு கன்னியரின் பேச்சும் போக்கும் இவர் உள்ளத்திற்குச் சற்றும் ஒவ்வாதனவாயிருந்தன. வெறுப்புத் தோன்றுதல் இயல்பு. அதற்கு இடங்கொடுத்தலே குற்றம் எனத் தெளிந்த அம்மையார், அவருக்கே மிகுதியும் உதவி புரிந்தார். கடுஞ்சொல் நாவிற்கு வரின் புன்னகையால் அதனை அடக்குவார். அடக்க இயலாதபோது அவ்விடம் விட்டு அகல்வார். தம்பால் இத்துணை அன்பு கொள்ளக் காரணம் யாதென அக்கன்னியரே ஒருநாள் வியந்து வினவினார்!

காசநோய் அம்மையாரைப் பற்றியது. உடல் நோயோடு, விண்ணுலகம் உண்டோ என்னும் ஐயமும் உள்ளத்தை இருள்போற் சூழ்ந்தது. அந்நிலையிலும் பிறரிடம் காட்டும் இன்முகம் மாறாதவராய், 1897ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 30ஆம் நாள், 24ஆம் அகவையில் உயிர் நீத்தார். அவர் எழுதிவைத்த தன்வரலாறு மறு ஆண்டில் நூலாக வெளிவந்து உலகெங்கும் பரவியது. 1925இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அவரைப் புனிதர் என அறிவித்தார். முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நடந்து திருமறை பரப்பிய சவேரியாரோடு ஒருங்கே, மடத்தினின்றும் வெளிச்செல்லாத இவ்வம்மையாரும் 1927இல் மறைப்பணியின் பாதுகாவலரானார்.

மாணவர்களே! செயற்கரிய செயல் செய்யும் வாய்ப்பு நமக்கு வாராது போகலாம். நமக்கு ஒவ்வாத ஒருவர் நம் வகுப்பிலும் இல்லத்திலும் நாள்தோறும் எதிர்ப்படுவர். அவரிடம் இன்முகம் காட்டுதல் எளிதன்று. ஆயினும் நம்மால் இயலாததுமன்று.