எலியட்ஸ் பீச் தெரியும்... கிளாக்கோமா டாக்டர் எலியட்டை தெரியுமா?

தாம்பரம், குரோம்பேட்டை பக்கம் இருப்பவர்கள் ஒரு முறையாவது எலியட்ஸ் பீச்சுக்குப் போயிருப்பார்கள். அந்தக் கடற்கரைக்குப் பெயர் தந்தவர் எட்வர்ட் எலியட். மெட்ராஸில் இன்னொரு எலியட்டும் இருந்தார். கிளாக்கோமாவுக்கு இங்கிருந்தே ஒரு புது ஆபரேஷனைக் கொடுத்த டாக்டர் ராபர்ட் ஹென்றி எலியட்.

யார் இவர்?

1864-ல் பிறந்த எலியட், ஆங்கிலேயர் கால இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். 1904-ல் எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் கண்காணிப்பாளர் ஆனார். 1819-ல் தொடங்கிய அந்த மருத்துவமனை, உலகின் பழமையான கண் மருத்துவமனைகளில் ஒன்று.

என்ன செய்தார்?

கண்ணுக்குள் ஊறும் நீர் சரியா வடியலைன்னா அழுத்தம் ஏறும். பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமா கெடும். பெரும்பாலான கிளாக்கோமா இப்படித்தான் வருகிறது. கருவிழி ஓரத்தில் ட்ரெஃபைன் என்ற குட்டி வட்டக் கத்தியால் துளை போட்டு, அந்த நீர் வடிய வழி செய்தார் எலியட். 1909-ல் அவர் வெளியிட்ட இந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. தொற்று, நீர் அளவுக்கு மீறி வடிவது போன்ற சிக்கல்கள் இருந்ததால், 1968-ல் வந்த டிராபெகுலெக்டமி பின்னர் அதன் இடத்தைப் பிடித்தது.

லண்டன் திரும்பிய எலியட், இந்தியக் கயிறு வித்தை நிஜமா என்றும் ஆராய்ந்தார்; அது கட்டுக்கதை என்றார். 1936-ல் காலமானார்.

யாருக்கு ரிஸ்க்?

அன்றும் இன்றும் ஒரே சிக்கல்தான்: போன பார்வையை எந்த ஆபரேஷனும் திருப்பித் தராது. பெரும்பாலும் வலியும் இருக்காது. அதனால் முன்கூட்டியே கவனிக்க வேண்டியவர்கள்:

• அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களுக்கு கிளாக்கோமா இருந்தால்
• வயது 40-ஐத் தாண்டினால்
• சர்க்கரை நோய், அதிக கிட்டப்பார்வை, கண்ணில் பழைய அடி இருந்தால்
• டாக்டரைக் கேட்காம மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி ஊத்தினால்

சிரசாசனம் கண் அழுத்தத்தை ஏற்றும். கிளாக்கோமா உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

என்ன செய்யணும்?

கண்ணாடி பவர் மட்டும் பார்த்தால் போதாது. கண் அழுத்தம், பார்வை நரம்பு இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்க. வீட்டில் ஒருவருக்கு இருந்தால், மற்றவர்களும் போகணும். எலியட் வேலை பார்த்த மருத்துவமனை இன்றும் இயங்குகிறது. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கிடலாம்.