பல்வங்கர் பாலூ: பந்தில் ஒட்டாத தீட்டு, குவளையில் ஒட்டியது

ஓசூரைக் கடந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலை, துமகூரு, ஹூப்ளி வழியே தார்வாடை அடைந்து புனே நோக்கி நீள்கிறது. அந்தத் தார்வாடில் 1876-இல், தோல் தொழில் சுமத்தப்பட்ட சமார் சாதியில் பிறந்தவர் பல்வங்கர் பாலூ. இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரும் பந்துவீச்சாளர் அவரே.

புனேயில் பார்சிகளின் கிரிக்கெட் மன்றத்தில் ஆடுகளத்தைப் பெருக்கிச் சமன் செய்வது அவரது முதல் வேலை. மாதச் சம்பளம் 3 ரூபாய். பின்னர் ஐரோப்பியரின் பூனா கிளப்பில் 4 ரூபாய். அங்கே கிரெய்க் என்ற ஆங்கில ஆட்டக்காரர், தம் பயிற்சிக்காக அவரை மணிக்கணக்கில் பந்து வீசச் செய்தார். அவரது இடக்கைச் சுழல் அங்கேதான் கூர்மையடைந்தது. மட்டை மட்டும் அவர் கையில் தரப்படவில்லை. வீசுவது ஏவலாள் வேலை, அடிப்பது துரைமார் உரிமை.

துரைமாரை வெல்லப் புனே இந்துக்களுக்கு அவர் தேவைப்பட்டார். அவர் தொட்ட பந்தைச் சாதி இந்துக்கள் தயக்கமின்றித் தொட்டனர். தேநீர் இடைவேளையிலோ, அவருக்கு மட்டும் வெளியே தனி மண்குவளை. உணவுக்குத் தனி மேசை. இரட்டைக் குவளையைக் கண்ட நம் ஊர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1906-இல் பம்பாயில் ஐரோப்பியரை இந்துக்கள் 109 ஓட்டங்களில் வென்றபோது, வெற்றிக்கு வழிவகுத்தது பாலூவின் பந்துவீச்சு. 1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற அணி பெரும்பாலும் தோற்றே திரும்பியது. பாலூ மட்டும் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் இந்து அணியின் தலைமை அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. 1920-இல் அவர் அணியிலிருந்தே நீக்கப்பட்டார். அதே ஆட்டத்துக்குத் தலைமை பிராமணரான தேவ்தருக்குப் போனது. தம்பியர் சிவராமும் விட்டலும் விளையாட மறுத்து விலகினர். அந்த எதிர்ப்புக்குப் பிறகே இறுதிப் போட்டியில் பாலூ துணைத்தலைவராக அழைக்கப்பட்டார். 1923-இல் விட்டல் தலைவரானார், கோப்பையும் வந்தது.

இளம் அம்பேத்கருக்குப் பாலூ ஒரு நாயகர். எனினும் 1932-இல் நம் எம்.சி. ராஜாவைப் போலவே பாலூவும் கூட்டுத் தொகுதியை ஆதரித்தார். 1937 பம்பாய்த் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அணித்தலைமைக்கு ஏற்காத சாதி, அம்பேத்கரை வீழ்த்துவதற்கு மட்டும் ஏற்றதாயிற்று! அவர் அதற்கு இசைந்தது நமக்கு உடன்பாடானதன்று. அதற்காக அவரது ஆட்ட வரலாற்றைத் துறப்பதும் முறையன்று. அம்பேத்கர் ஏறத்தாழ 2,000 வாக்குகளில் வென்றார். பாலூ 1955-இல் பம்பாயில் மறைந்தார்.