எண்கள் சொல்லும் வினு மன்கட் கதை!

குழந்தைகளே! பள்ளி விட்டதும் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள் அல்லவா? எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துப் பிள்ளைகளும் அப்படித்தான். ஆட்டத்தின் நடுவே அவர்களுக்குள் அடிக்கடி ஒரு சண்டை வரும். பந்து போடும் முனையில் நிற்கும் பையன், பந்து கையை விட்டுப் போகும் முன்பே கோட்டைத் தாண்டி ஓடத் தொடங்குவான். பந்து வீச வந்தவன் சட்டென்று நின்று ஸ்டம்பைத் தட்டி விடுவான். மன்கட் அவுட் செல்லும் என்று ஒரு கூட்டமும், செல்லாது என்று இன்னொரு கூட்டமும் கத்தும்.

அந்த மன்கட் யார் தெரியுமா? அவருடைய ஸ்கோர் அட்டைகளை எடுத்துப் பார்த்தால் அசந்து போவீர்கள். வாருங்கள், பார்ப்போம்.

குஜராத்தில் உள்ள ஜாம்நகரில் 1917 ஏப்ரல் 12 அன்று பிறந்தவர் முல்வந்த்ராய் ஹிம்மத்லால் மன்கட். வினு என்பது அவரது செல்லப் பெயர். வலது கையால் மட்டை பிடிப்பார். இடது கையால் சுழற்பந்து வீசுவார். இருபது வயதிலேயே, இந்தியா வந்த இங்கிலாந்து அணியைத் திணற அடித்தார். ஆனால், இரண்டாம் உலகப்போர் வந்து விட்டது. டெஸ்ட் ஆட்டங்கள் நின்று போயின. முதல் டெஸ்ட் ஆட 1946 வரை அவர் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்கு வயது 29. சோர்ந்து போகவில்லை. அந்த இங்கிலாந்துப் பயணத்தில் மட்டும் 1,120 ரன்களும் 129 விக்கெட்டுகளும் எடுத்தார்!

அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியப் பயணம். சிட்னியில் நடந்த ஓர் ஆட்டத்தில் பில் பிரவுன் என்ற வீரர், பந்து வீசும் முன்பே கோட்டை விட்டு ஓடினார். மன்கட் முதலில் எச்சரித்தார். பிரவுன் கேட்கவில்லை. மறுபடியும் ஓடியபோது ஸ்டம்பைத் தட்டி அவுட் ஆக்கினார். 1947 டிசம்பரில் நடந்த சிட்னி டெஸ்டிலும் பிரவுன் அதே தவறைச் செய்தார். மன்கட்டும் அதேபோல் அவுட் ஆக்கினார். பத்திரிகைகளில் பெரிய சர்ச்சை எழுந்தது. எதிரணித் தலைவர் டான் பிராட்மேனோ, மன்கட் மீது தவறில்லை என்றே கருதினார். ஆனாலும், அந்த அவுட்டுக்கு மன்கட்டின் பெயரே ஒட்டிக்கொண்டது. அதே பயணத்தில், மெல்போர்னில் அவர் 116, 111 என்று இரண்டு டெஸ்ட் சதங்கள் அடித்ததைப் பலர் மறந்தே போனார்கள்.

இப்போது நம் சென்னைக்கு வருவோம். இந்தியா 1932 முதல் டெஸ்ட் ஆடி வந்தது. 24 ஆட்டங்கள் முடிந்தும் ஒரு வெற்றி கூட இல்லை! 25-வது ஆட்டம் 1952 பிப்ரவரி 6 அன்று சேப்பாக்கத்தில் தொடங்கியது. எதிரணி இங்கிலாந்து. மன்கட் பந்தைச் சுழற்றினார். முதல் இன்னிங்சில் 55 ரன் கொடுத்து 8 விக்கெட். இரண்டாவது இன்னிங்சில் 53 ரன் கொடுத்து 4 விக்கெட். கூட்டிப் பாருங்கள், 108 ரன்னுக்கு 12 விக்கெட்! அவருடைய பந்தை அடிக்க முன்னேறி வந்து ஏமாந்தவர்களில் ஐந்து பேரை, விக்கெட் கீப்பர் பிரபிர் சென் ஸ்டம்பிங் செய்தார். பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதம் அடித்தார்கள். இந்தியா இன்னிங்ஸ் மற்றும் 8 ரன் வித்தியாசத்தில் வென்றது. இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி நம் தமிழ் மண்ணில்தான் கிடைத்தது!

அதே ஆண்டு கோடையில் இந்திய அணி இங்கிலாந்து சென்றது. அணியில் இடம் உண்டு என்று மன்கட்டுக்கு யாரும் உறுதி தரவில்லை. கிரிக்கெட்தான் அவருக்குப் பிழைப்பு. எனவே, இங்கிலாந்தில் ஹஸ்லிங்டன் என்ற சங்கத்துக்குச் சம்பளத்துக்கு ஆட ஒப்புக்கொண்டார். முதல் டெஸ்டில் இந்தியா தோற்றது. பிறகுதான் அவரைத் தேடி அழைத்தார்கள்.

இரண்டாவது டெஸ்ட் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்தது. தொடக்க வீரராக வந்து 72 ரன் எடுத்தார். பிறகு 73 ஓவர், அதாவது 438 பந்துகள் வீசி, 196 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார். கை ஓய்ந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? மீண்டும் மட்டையோடு இறங்கி 184 ரன் குவித்தார்! கடைசியில் இன்னும் 24 ஓவர் வீசினார்.

ஒரு கணக்குப் போடுவோமா? இந்தியா இரண்டு இன்னிங்சிலும் எடுத்தது 613 ரன். மன்கட் ஒருவரே 256. ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல்! ஆனாலும், இந்தியா 8 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. தோற்ற அணியில் ஆடியவர் அவர். ஆனால், அந்த ஆட்டத்தை இன்றும் மன்கட்டின் டெஸ்ட் என்றே சொல்கிறார்கள்.

1956 ஜனவரியில் மீண்டும் சென்னை. இம்முறை மாநகராட்சி மைதானம். இன்று ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம் இருக்கும் இடம். நியூசிலாந்துக்கு எதிராக மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். மன்கட் எடுத்தது 231. அந்தத் தொடக்க ஜோடி சாதனையை 2008 வரை, 52 ஆண்டுகள், உலகில் எவராலும் முறியடிக்க முடியவில்லை.

மொத்தம் 44 டெஸ்டுகள், 2,109 ரன்கள், 162 விக்கெட்டுகள். ஒன்று முதல் பதினொன்று வரை எல்லா இடங்களிலும் மட்டை பிடித்தவர். அணிக்கு எங்கே தேவையோ, அங்கே நின்றார். 1978 ஆகஸ்ட் 21 அன்று மும்பையில் காலமானார். 2021-ல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில், புகழ்பெற்ற வீரர்கள் பட்டியலில் அவர் பெயரைச் சேர்த்தது. 2022-ல் கிரிக்கெட் விதிகளைத் திருத்தியபோது, அந்த அவுட்டை முறையற்ற ஆட்டம் என்ற பிரிவிலிருந்து எடுத்து, ரன் அவுட் பிரிவிலேயே சேர்த்து விட்டார்கள்.

குழந்தைகளே! ஒருவர் செய்த ஏதோ ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு, அவர் இப்படித்தான் என்று முடிவு கட்டி விடாதீர்கள். முழு ஸ்கோர் அட்டையையும் படியுங்கள். இனி ஆட்டத்தில் மன்கட் அவுட் என்று யாராவது கத்தினால், 73 ஓவர் வீசி விட்டு 184 ரன் அடித்த மனிதரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், பந்து கையை விட்டுப் போகும் வரை கோட்டுக்குள்ளேயே நில்லுங்கள். சண்டையே வராது!